இறகு குழைந்து தெரிகிறது: லென்ஸ் பழுதா, வெயிலா?

கேள்வி: காட்பாடியில் வசிக்கிறேன். பறவைகளைப் படமெடுக்க, பழைய 150–600 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்றைக் கடையில் விலை பேசியிருக்கிறேன். ஒரு வாரம் பயன்படுத்திப் பார்க்கக் கொடுத்திருக்கிறார்கள். காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் பகல் பதினோரு மணிக்கு நாரைகளை எடுத்தேன். போனில் அழகாகத் தெரிந்த படங்களைக் கணினியில் பெரிதாக்கினால் இறகெல்லாம் குழைந்துவிடுகிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். இந்தப் படங்களை வைத்து அந்த லென்ஸைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ எதுவும் சொல்ல முடியாது. நம் பகுதி வெயிலில் பகல் பதினோரு மணிக்கு ஏரியின் காய்ந்த கரை கொதிக்கிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து அலையும்போது ஒளி தாறுமாறாக விலகுகிறது. தொலைவு கூடக் கூட அந்தக் கலங்கலும் கூடும். எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய லென்ஸானாலும் அதை வெல்ல முடியாது.

கலங்கல் எதனால் வந்தது என்பதைப் படமே சொல்லும். ஒரே நாரையைத் தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுத்து, நூறு சதவீத அளவில் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒரு படத்தில் கழுத்து நெளிந்தும், அடுத்ததில் கழுத்து தெளிந்து கால் நெளிந்தும் இருந்தால் வெயில்தான் காரணம். பறவை மங்கி, அதற்கு முன்னாலோ பின்னாலோ உள்ள கோரைப்புல் கூர்மையாக இருந்தால் குவியம் (ஃபோகஸ்) தவறியிருக்கிறது. கண்ணில் மின்னும் ஒளிப்புள்ளி கோடாக இழுபட்டிருந்தால் கை அசைந்திருக்கிறது. 600 மி.மீ.யில் கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் 1/1000 விநாடிக்குக் குறைய வேண்டாம். எல்லாப் படத்திலும் ஒரே பக்கம் மட்டும் மங்கினால், அப்போது லென்ஸைச் சந்தேகியுங்கள்.

முறையாகச் சோதிக்க விடியற்காலை வேலூர்க் கோட்டை அகழிப் பக்கம் போங்கள். மடையான் என்ற சிறு கொக்கு கண்ணில் பட்டால் நல்ல வாய்ப்பு: பக்கத்தில் போகும்வரை அசையாமல் நிற்கும். இனப்பெருக்கக் காலம் அல்லாத மாதங்களில் அதன் கழுத்தில் பழுப்புக் கீற்றுகள் ஓடும். ஒவ்வொரு கீற்றும் தனித்தனியே பிரிந்து, விளிம்பில் இறகின் இழைகள் தெரிந்தால் அதுதான் உண்மையான நுணுக்கம். அலகின் ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்டதுபோல் தெரிந்தால் ஏமாந்துவிடாதீர்கள். அது கேமராவோ மென்பொருளோ செயற்கையாக ஏற்றிய கூர்மை. ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) அதிகமாக வைத்து ஜேபெக்கில் எடுத்தால், அதனால் வரும் புள்ளிகளை அழிக்கும்போது கேமரா இறகையும் சேர்த்து மெழுகிவிடும். அதனால் கேமரா திருத்தாத ரா ஃபைலாக எடுத்துப் பாருங்கள்.

வீட்டிலும் ஒரு சோதனை உண்டு. செய்தித்தாளை விரித்துச் சுவரில் ஒட்டுங்கள். கேமராவை முக்காலியில் வைத்து, சுமார் 10 மீட்டர் தொலைவிலிருந்து நேர் எதிரே எடுங்கள். அதிர்வு தடுக்கும் வசதியை அணைத்துவிட்டு, முன்னால் மாட்டிய ஃபில்டரையும் கழற்றிவிடுங்கள். மலிவான ஃபில்டர் ஒன்றே படத்தைக் கெடுக்கப் போதும். லென்ஸின் துளையை முழுதாகத் திறந்தும் (முழுத் திறப்பு), எஃப் 8 அளவுக்குச் சுருக்கியும் எடுத்து, நான்கு மூலை எழுத்துகளையும் ஒப்பிடுங்கள். முழுத் திறப்பில் சற்றே மென்மையாகி எஃப் 8-இல் தெளிந்தால், இந்த வகை ஜூமுக்கு அது இயல்பு. ஒரு பக்கம் மட்டும் தெளியாவிட்டால் உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கலாம். தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: இன்னொரு விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் மாதிரிப் படங்கள் அனுப்புகிறார். நம்பி முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் அளவு சுருங்கித்தான் வருகிறது. சுருங்கிய படத்தில் எந்தக் குறையும் மறைந்துபோகும். அசல் ஃபைலை அப்படியே கேளுங்கள். எப்படியும் கையில் எடுத்துப் பார்த்த பிறகே பணம். கடையில் வாங்கினால் லென்ஸின் வரிசை எண்ணும் திருப்பித் தரும் கெடுவும் பில்லில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பில் இருந்தால், பின்னர் தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை.