பிரான்சின் ஒயின் பகுதியான பர்கண்டியில் ஒரே நாள்: எந்த ஊர்?
ஒரு நாள்தான் இருக்கிறது, வெள்ளை ஒயின் பிடிக்கும், வோன்-ரொமானேயா மெர்சோவா என்று கேட்டிருக்கிறீர்கள். பெயருக்காகப் போனால் வோன். ஆனால் அந்தப் பெயருக்குக் காரணமான ரொமானே-கோந்தி திராட்சைத் தோட்டம் 2 ஹெக்டேர்கூட இல்லை. தாழ்ந்த கல்சுவர், ஒரு கற்சிலுவை, அவ்வளவுதான். பார்க்கலாம், குடிக்கச் சொத்தை எழுதிக் கொடுக்க வேண்டும்! அதுவும் அங்கே விளைவது சிவப்பு.

என் ஓட்டு மெர்சோவுக்கு. கிராண்ட் க்ரூ, அதாவது மிக உயர்ந்த தர வரிசைத் தோட்டம், ஒன்றுகூட இல்லாத ஊர்தான். ஆனால் அங்குள்ள பெரியேர் தோட்டத்து ஷார்டனே வெள்ளை ஒயினைக் குடித்துப் பாருங்கள்: வெண்ணெய் வாசனைக்குக் கீழே கல்லை நக்கியதுபோல ஒரு கூர்மை. அந்தஸ்துப் பட்டியலை அப்புறம் யார் பார்க்கிறார்கள்?

விலை கையைக் கடித்தால் பக்கத்து சேன்-ஓபானைப் பாருங்கள், வெள்ளை ஒயினுக்குப் பேர்போன மோன்ராஷே குன்றை ஒட்டிய தோட்டங்கள் அங்கும் உண்டு. எங்கே போனாலும் முன்பதிவு செய்துவிடுங்கள். சிறிய தயாரிப்பாளர்கள் பலர் சொல்லாமல் போனால் கதவைத் திறப்பதில்லை.