பத்து மணி நேர டைம்டேபிள் நிற்கவில்லை: நீட் தேர்வுக்கு எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பிளஸ் டூ சேர்ந்திருக்கிறேன். அடுத்த மே மாதம் நீட் எழுத வேண்டும். தினமும் பத்து மணி நேரம் படிப்பதாக டைம்டேபிள் போட்டேன். மூன்று நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. இன்று படித்தது அடுத்த வாரம் நினைவில் இல்லை. இயற்பியல் என்றாலே பயம். அதை விட்டுவிட்டு உயிரியலை மட்டும் நன்றாகப் படித்தால் போதுமா? ஒரு திட்டம் சொல்லுங்கள்.

பதில்: டைம்டேபிள் நின்றுபோனதற்குச் சோம்பலைக் காரணமாக நினைத்துக்கொள்ளாதீர்கள். பள்ளிக்கும் போய்வந்து, பத்து மணி நேரமும் படித்து, ஏழு மணி நேரம் தூங்கவும் ஒரு நாளில் இடமே இல்லை. போட்ட கணக்குதான் தவறு.

பள்ளி நாள் ஒன்றில் உங்களுக்கு உண்மையில் கிடைப்பது மூன்று மணி நேரம்: காலையில் ஒன்று, மாலையில் இரண்டு. சனிக்கிழமை ஆறு, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வைத்தால் வாரத்துக்கு 26 மணி நேரம். அந்த 26-க்கும் வேலை ஒதுக்கிவிடாதீர்கள். 20 மணி நேரத்துக்கு மட்டும் திட்டமிடுங்கள். மிச்சத்தைச் சனி, ஞாயிறு பிற்பகல்களில் எதுவும் எழுதாமல் காலியாக விடுங்கள். காய்ச்சல் வரும், வீட்டில் விசேஷம் வரும், பள்ளியில் ரெக்கார்டு நோட்டு கேட்பார்கள். விட்டுப்போனதை அந்தக் காலி இடத்தில் முடித்துவிட்டால் திங்கட்கிழமை புதிதாகத் தொடங்கலாம். ஒரு நாள் தவறியதும் முழுத் திட்டத்தையும் கிழித்துப் போடும் பழக்கம் இதனால் தானாக நின்றுவிடும்.

அடுத்து, திட்டத்தில் மணி நேரத்தை எழுதாதீர்கள், வேலையை எழுதுங்கள். ‘6 முதல் 8 வரை இயற்பியல்’ என்று எழுதினால், புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் அந்த வேலை முடிந்ததாகவே தோன்றும். ‘மின்னோட்டவியலில் 15 கணக்கு’ என்று எழுதினால் முடித்தோமா இல்லையா என்பதில் ஏமாற இடமில்லை.

இனி ஆண்டுக்கான கணக்கு. தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்டிருக்கும் பாடத்திட்டத்தில் இயற்பியலுக்கு 20 அலகு, வேதியியலுக்கு 20, உயிரியலுக்கு 10. உயிரியலின் பத்தில் முதல் ஐந்து ஏறக்குறைய பதினொன்றாம் வகுப்புப் பாடம், பின் ஐந்து பன்னிரண்டாம் வகுப்புப் பாடம். ஜூன் நடுவில் தொடங்கினால் ஜனவரி இரண்டாம் வாரம் வரை உங்கள் கையில் 30 வாரம் இருக்கிறது. அதை மூன்று மூன்று வாரமாகப் பத்துத் தவணையாகப் பிரியுங்கள். ஒரு தவணைக்கு இயற்பியலில் 2 அலகு, வேதியியலில் 2, உயிரியலில் 1 என்றால் பத்துத் தவணையில் மொத்தப் பாடமும் ஒரு சுற்று முடிகிறது. எல்லா அலகும் ஒரே அளவு இல்லை. குறைக்கடத்திகள் சில நாளில் முடியும். மனித உடற்செயலியல் மூன்று வாரத்தையும் கேட்கும். சின்னதும் பெரியதுமாகச் சேர்த்துத் தவணையை அமைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் நடக்கும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தோடு அந்தந்த அலகை ஒட்டவையுங்கள். பதினொன்றாம் வகுப்பு அலகுகளைச் சனி, ஞாயிறுக்கும், காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளுக்கும் தள்ளுங்கள். கேள்விகளில் ஏறக்குறைய பாதி பதினொன்றாம் வகுப்பிலிருந்து வருகிறது. பிளஸ் டூ மாணவர்கள் பலர் அதை ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். பொதுத்தேர்வுக்கும் நீட்டுக்கும் இடையில் கிடைக்கும் ஐந்து வாரத்தில் அது முடியாது.

படிக்க வேண்டாததையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். 2024-ல் நீட் பாடத்திட்டம் குறைக்கப்பட்டது. திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல், அன்றாட வாழ்வில் வேதியியல், செரித்தலும் உட்கிரகித்தலும் போன்றவை நீக்கப்பட்டுவிட்டன. உங்கள் பள்ளிப் புத்தகத்தில் இவை இருப்பதால் பள்ளித் தேர்வுகளுக்குப் படித்தாக வேண்டும். நீட் திட்டத்தில் இவற்றுக்கு இடம் கொடுக்க வேண்டியதில்லை. பழைய கைடுகளில் இவை இன்னும் இருக்கும். விலை குறைவு என்று அவற்றை வாங்கினால் நேரம் வீணாகும்.

மறதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உங்கள் பிரச்சினையின் வேர் அங்கேதான் இருக்கிறது. திரும்பப் பார்க்காத பாடம் எவருக்கும் மறக்கும். ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி, 1885-ல் இதை அளந்து எழுதினார். படித்த முதல் சில மணி நேரத்திலேயே மறதி வேகமாக நடக்கிறது, பிறகு மெதுவாகிறது. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு குழுவை ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். இன்னொரு குழுவை ஒருமுறை வாசித்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்க்கச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்களே நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். படித்த அன்று இரவு ‘எல்லாம் தெரியும்’ என்று தோன்றுவதும் அடுத்த வாரம் ஒன்றும் வராமல் போவதும் ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

ஆகவே ஒவ்வொரு பாடத்துக்கும் படிக்கும் தேதியோடு, திரும்பி வரும் தேதிகளையும் காலண்டரில் எழுதுங்கள்: மறுநாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து. திரும்பி வரும்போது புத்தகத்தைத் திறக்கக் கூடாது. வேதிய ஒருங்கிணைப்பு பாடத்தை எடுத்துக்கொள்வோம். புத்தகத்தை மூடிவிட்டு ஒரு வெள்ளைத்தாளில் அட்ரீனல் சுரப்பியை வரையுங்கள். புறணியின் மூன்று அடுக்குகளை வெளியிலிருந்து உள்ளே எழுதுங்கள்: சோனா குளோமெருலோசா, சோனா ஃபாசிகுலேட்டா, சோனா ரெட்டிகுலாரிஸ். எது எந்த ஹார்மோனைச் சுரக்கிறது? ஆல்டோஸ்டீரோன் வெளியடுக்கிலிருந்து வருகிறது. அது சிறுநீரக நுண்குழலில் சோடியத்தை மீண்டும் உறிஞ்ச வைக்கிறது. இந்த இடத்தில் கழிவுநீக்கப் பாடத்தின் ரெனின்–ஆஞ்சியோடென்சின் பகுதி ஞாபகம் வந்தால் இரண்டு பாடத்தை ஒரே தாளில் திருப்பிப் பார்த்துவிட்டீர்கள். நடு அடுக்கும் உள் அடுக்கும் இடம் மாறியிருந்தால், புத்தகத்தைத் திறந்து அதை மட்டும் சிவப்பில் திருத்துங்கள். இதற்கு இருபது நிமிடம் போதும். அதே பாடத்தை மறுபடி வாசித்தால் ஒன்றரை மணி நேரம் போகும். அந்த இரண்டு அடுக்கு குழம்பியிருப்பதும் தெரியாது.

இயற்பியலை விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மொத்தம் 180 கேள்வி, 720 மதிப்பெண். உயிரியல் 90 கேள்வி, மற்ற இரண்டும் 45, 45. இயற்பியலை விட்டால் 180 மதிப்பெண்ணை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போகிறீர்கள். உயிரியலில் நன்றாகப் படித்த எல்லோரும் நெருக்கமாகவே மதிப்பெண் எடுப்பார்கள். தரவரிசையைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் இயற்பியல்தான். 2025-ல் இயற்பியல் பகுதி மிகக் கடினமாக இருந்தது என்று தேர்வு எழுதியவர்கள் பரவலாகச் சொன்னார்கள். அப்படிப்பட்ட ஆண்டில் நேரடியான இருபது கணக்கைத் தவறில்லாமல் போடுகிறவருக்கே பலன்.

பயம் போக, தொடங்கும் இடத்தை மாற்றுங்கள். இயக்கவியலில் தொடங்கி அங்கேயே சிக்கிக்கொள்பவர்கள் அதிகம். அலகுகளும் அளவீடுகளும், மின்னோட்டவியல், அணுவும் அணுக்கருவும், குறைக்கடத்தி: இவற்றில் சூத்திரங்கள் குறைவு, கேள்விகளும் பெரும்பாலும் நேரடியாக வரும். முதல் தவணைகளில் இவற்றை முடித்தால், நம்மாலும் விடை கொண்டுவர முடிகிறது என்ற தைரியம் வரும். இயக்கவியலை அதற்குப் பக்கத்திலேயே மெதுவாக ஓட்டலாம். முக்கியமான விதி ஒன்று உண்டு: இயற்பியலைச் சனிக்கிழமைக்கு மொத்தமாகச் சேர்த்து வைக்கக் கூடாது. தினமும் 15 கணக்கு, அதில் ஐந்து பழைய பாடத்திலிருந்து இருக்கட்டும். எந்தச் சூத்திரம் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் தேர்வறையில் பாதி வேலை. ஒரே பாடத்துக் கணக்குகளை வரிசையாகப் போட்டால் அந்தப் பயிற்சி கிடைக்காது.

தமிழ்வழி மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் தமிழைத் தேர்ந்தெடுத்தால் வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் இருக்கும். மொழிபெயர்ப்பில் சந்தேகம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதி. ஆகவே ஒவ்வொரு பாடத்திலும் கலைச்சொற்களின் ஆங்கில வடிவத்தையும் நோட்டில் எழுதிவாருங்கள். உயிரியலில் மத்திய அரசின் என்சிஇஆர்டி பாடப்புத்தகத்தின் வரிகளை ஒட்டியே நிறையக் கேள்விகள் வருவதால், உங்கள் பாடத்தை முடித்த கையோடு அந்தப் புத்தகத்தின் படங்கள், அட்டவணைகள், அத்தியாயச் சுருக்கம் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள்.

மாதிரித் தேர்வை மார்ச் வரை தள்ளிப்போட வேண்டாம். ஒவ்வொரு தவணை முடிவிலும் அந்த ஐந்து அலகிலிருந்து ஒரு சிறு தேர்வு எழுதுங்கள். மதிப்பெண்ணைவிட, அதற்குப் பிறகு நீங்கள் எழுதும் பிழை நோட்டுதான் எனக்கு முக்கியம். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி எழுதினால் போதும்: தெரியாமல் தவறியதா, குழம்பித் தவறியதா, அவசரத்தில் தவறியதா? மைக்ரோஃபாரடை ஃபாரடாக மாற்றாமல் விட்டது, ‘தவறான கூற்று எது’ என்பதைச் ‘சரியான கூற்று எது’ என்று படித்தது, குழிலென்ஸின் குவியத் தொலைவுக்கு எதிர்க்குறி போட மறந்தது, இவையெல்லாம் எத்தனை முறை திரும்ப வருகின்றன என்று பார்த்தால் நீங்களே திகைப்பீர்கள். தெரியாததற்குப் பாடம் படிக்க வேண்டும். அவசரத்துக்குப் பாடம் படித்துப் பயனில்லை. கேள்வியில் ‘தவறான’ என்ற சொல்லின் கீழ் கோடு போடும் பழக்கம்தான் மருந்து.

பிப்ரவரியும் மார்ச்சும் செய்முறைத் தேர்வுக்கும் பொதுத்தேர்வுக்கும் உரியவை. அப்போது நீட் வேலையைத் தினம் ஒரு மணி நேரத் திருப்புதலாகக் குறைத்துக்கொள்ளுங்கள். பொதுத்தேர்வை அலட்சியம் செய்ய முடியாது. அதில் இயற்பியல், வேதியியல், உயிரியலில் தேர்ச்சி பெற்றால்தான் எம்பிபிஎஸ் சேரத் தகுதி.

பொதுத்தேர்வு முடிந்த மறுநாளிலிருந்து முழு மாதிரித் தேர்வுகள். வாரத்துக்கு இரண்டு, மதியம் 2 முதல் 5 வரை, ஓஎம்ஆர் தாளில். நீட் அந்த நேரத்தில்தான் நடக்கிறது. மதிய உணவுக்குப் பின் தூங்கிப் பழகிய உடம்பை அந்த நேரத்தில் விழித்திருக்கப் பழக்க இந்த ஐந்து வாரம் வேண்டும். 180 நிமிடத்தில் உயிரியலுக்கு 45, வேதியியலுக்கு 50, இயற்பியலுக்கு 65 என்று பிரித்தால் 20 நிமிடம் மிஞ்சும். 2025 முதல் விருப்பக் கேள்விகளும் கூடுதல் 20 நிமிடமும் எடுக்கப்பட்டுவிட்டன. அதற்கு முந்தைய ஆண்டுகளின் ஆலோசனைகளைக் கேட்டு நேரம் பிரிக்காதீர்கள்.

நெகட்டிவ் மார்க் பற்றிய பயத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. சரிக்கு 4, தவறுக்கு 1 குறைவு. நான்கு விடையில் இரண்டைத் தவறென்று உறுதியாக விலக்க முடிந்தால், மிச்ச இரண்டில் ஒன்றைக் குறிப்பது சராசரியாக ஒன்றரை மதிப்பெண் லாபம், குறிக்கலாம். எதையுமே விலக்க முடியாத கேள்வியில் லாபம் சராசரியாகக் கால் மதிப்பெண்தான். அதற்காக இரண்டு நிமிடம் யோசிப்பதைவிட அடுத்த கேள்விக்குப் போவது நல்லது.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர் என்றால் தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பு இடங்களில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உங்களுக்கு உண்டு. அதற்கான போட்டி அரசுப் பள்ளி மாணவர்களுக்குள் மட்டும்தான். பெரிய கோச்சிங் மையங்களின் விளம்பரத்தில் வரும் மதிப்பெண்களோடு உங்களை ஒப்பிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த ஞாயிறு வேறெதுவும் படிக்க வேண்டாம். ஒரு காலண்டரை எடுத்துப் பத்துத் தவணையையும் குறித்து, முதல் தவணையின் ஐந்து அலகுகளை எழுதி, அதில் முதல் பாடத்துக்குத் திரும்பி வரும் மூன்று தேதிகளையும் போட்டுவிடுங்கள்.