நெளிந்துபோன அச்சுப்படத்தை லேமினேட் செய்யலாமா?
ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே பாணியில் சஹ்யாத்ரி மலையை மரக்கட்டையில் செதுக்கிக் காகிதத்தில் அச்சடித்தது என்று சொல்லி வாங்கிய படம், மும்பை செம்பூர் வீட்டில் ஜூலை மழைக்கே நெளிந்துவிட்டது, லேமினேட் செய்யலாமா என்கிறீர்கள். வேண்டவே வேண்டாங்க, அப்புறம் பிரிக்கவே முடியாது. காகிதம் ஈரத்தை உறிஞ்சி விரியும். நாலு ஓரமும் டேப் ஒட்டியிருந்தால் விரிய இடமில்லாமல் நடுவில் அலை எழும். ஃப்ரேம் கடையில் அமிலமில்லாத மவுண்ட் (படத்தைத் தாங்கும் அட்டை) போட்டு, படம் கண்ணாடியைத் தொடாமல், மேல் ஓரத்தை மட்டும் மெல்லிய ஜப்பானியக் காகிதத் துண்டும் கோதுமை ஸ்டார்ச் பசையும் வைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். மழை அடிக்கிற வெளிச்சுவரில் மாட்டாதீர்கள்.

சரி, அது மரக்கட்டை அச்சுதானா? வானத்து நீலம் மெல்ல மங்குகிற இடத்தை, பொகாஷி என்பார்களே, லென்ஸில் பாருங்கள். பொடிப்பொடியாகப் புள்ளி தெரிந்தால் இயந்திர அச்சு. கையால் அச்சடித்ததென்றால் பெரும்பாலும் பின்பக்கம் நிறம் ஊறி, தேய்த்த தடமும் இருக்கும். புள்ளி தெரிந்தால் விற்றவரிடம் விலையைப் பற்றிப் பேசுங்கள்.