விடுதிக் கேலியும் கோசாம்பியின் தராசும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாடறிந்த தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் ஒன்றில் வரலாற்றை முதன்மைப் பாடமாகக் கொண்டு முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விடுதியில் பொறியியல் மாணவர்கள், “உங்களுக்கென்ன, கதை படித்தாலே டிகிரி” என்கிறார்கள். அமெரிக்கத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமான எம்ஐடியில் மொழியியலாளர் சாம்ஸ்கி இல்லையா, பொருளியலாளர் சாமுவேல்சன் இல்லையா என்று கேட்டேன். கலைப்பாடங்களால் பேச்சுத்திறனும் தலைமைப் பண்பும் வளரும், அவை பொறியாளருக்கும் பயன்படும் என்றும் வாதிட்டேன். எடுபடவில்லை. இவர்களுக்கு என்னதான் பதில் சொல்வது? எம்பிஏவுக்கு மாறிவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீண்ட கடிதத்தைச் சுருக்கித்தான் வெளியிட்டிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எம்பிஏ பற்றி உங்கள் வீட்டு நிலவரம் தெரிந்தவர்களிடம் கேளுங்கள். சாம்ஸ்கி 1955இல் எம்ஐடியில் சேர்ந்ததைச் சொல்லி உங்கள் விடுதியில் ஒருவரையும் மடக்க முடியாது.

அந்தப் பையன்கள் மீது எனக்குக் கோபம் வரவில்லை. நம்மூரில் இந்த ஏளனம் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையிலேயே தொடங்கிவிடுகிறது. மதிப்பெண் குவித்தவர்களுக்கு ஃபர்ஸ்ட் குரூப், மிஞ்சியவர்களுக்கு வரலாறு என்று பிரித்துப் பழகிவிட்டோம். என் அக்கா மகள் பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே இரண்டாவதாக வந்துவிட்டு வரலாற்றுக் குரூப் கேட்டபோது, விண்ணப்பத்தை வாங்கிய ஆசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, “ஏம்மா, வீட்டுல ஏதாச்சும் பிரச்சினையா?” என்று உண்மையான கரிசனத்தோடு கேட்டார். உங்கள் அறைத்தோழர்கள் அந்தக் கரிசனத்தில் வளர்ந்த பிள்ளைகள்.

என் கோபமெல்லாம் உங்கள் மீதுதான். பேச்சுத்திறன் வளரும் என்றீர்களே, அந்த வாதத்தைக் கலைத்துறைப் பேராசிரியர்களே மேடைதோறும் சொல்லக் கேட்டுச் சலித்திருந்த வேளையில்தான் உங்கள் கடிதம் வந்தது. பரதநாட்டியம் ஆடினால் உடம்பு இளைக்கும் என்று சொல்லி ஆள் சேர்ப்பது போன்றது இது. பொறியாளருக்குப் பயன்படும் என்று நீங்கள் சொன்ன கணத்திலேயே, உங்கள் பாடத்தை மதிப்பிடும் உரிமையை அவரிடம் கொடுத்துவிட்டீர்கள். அதன்பின் அவர் குறைவாக மதிப்பிடுகிறார் என்று புலம்புவதில் என்ன நியாயம்? ஒரு கல்வெட்டின் காலத்தை நிறுவுவதற்கும், ஒரு பஞ்சத்தில் யார் பட்டினி கிடந்தார்கள், யார் நெல்லைப் பதுக்கினார்கள் என்று கண்டறிவதற்கும் மேடைப்பேச்சுப் பயிற்சி என்ற சமாதானம் எதற்கு?

கணிதவியலாளராகவும் வரலாற்றாசிரியராகவும் இருந்த டி. டி. கோசாம்பியை எண்ணிப் பாருங்கள். புணே ஃபெர்குசன் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்த அவர், புழக்கத்திலிருக்கும் நாணயம் கைமாறக் கைமாறத் தேய்ந்து எடை குறைவதைத் தம் காலத்துச் சில்லறைக் காசுகளை நிறுத்துப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, 1942இல் அதைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். பண்டைய நகரமான தட்சசீலத்தின் புதையல்களில் கிடைத்த பழைய வெள்ளி முத்திரைக் காசுகளையும் அவ்வாறே ஒவ்வொன்றாகத் தராசிலிட்டு, எது முந்தியது, எது பிந்தியது என்று வரிசைப்படுத்தினார். கணிதம்தானே காப்பாற்றியது என்று உங்கள் தோழர்கள் சொல்லக்கூடும். எடை குறையக் குறையக் காசின் பின்புறத்திலுள்ள சிறு முத்திரைகள் கூடுகின்றன என்பது வரைக்கும் எண்ணிக்கை சொல்லும். அவை அவ்வப்போது காசைச் சோதித்துப் பார்த்த வணிகர்கள் இட்டவையாக இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வர, அக்காலத்துச் சந்தையையும் வணிகக் குழுக்களையும் அரசனுக்கும் அவர்களுக்கும் இருந்த உறவையும் அறிந்திருக்க வேண்டும். பின்னாளில் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், முழுக்க முழுக்க அறிவியலாளர்கள் நடுவே, 1962 வரை பணியாற்றியபோதும் அவர் புணேயிலிருந்து டெக்கான் குயின் ரயிலில் போய்வந்துகொண்டு, புணேயைச் சுற்றியிருந்த கிராமங்களில் கால்நடையாக அலைந்து அம்மன் கோயில்களையும் பழைய கற்குவியல்களையும் ஆராய்ந்தார். அவருடைய இந்திய வரலாற்று அறிமுக நூல் வெளிவந்த 1956ஆம் ஆண்டிலும் அவர் அங்கே கணிதப் பேராசிரியர்தான்.

கேலி வலிக்கும், தம்பி. இருபத்திரண்டு வயதில் சாப்பாட்டு மேசையில் தனியாக உட்கார நேர்வது சிறிய துன்பமில்லை என்பதை நான் அறிவேன். ஆனால் நீங்கள் அனுப்பிய முழுக் கடிதத்தையும் இரண்டுமுறை படித்துவிட்டேன். அறைத்தோழர்கள் சொன்னது இருக்கிறது, சித்தப்பா சொன்னது இருக்கிறது, வளாக நேர்காணலில் யாருக்கு எத்தனை லட்சம் சம்பளம் என்பதும் இருக்கிறது. உங்கள் ஆய்வேடு எதைப் பற்றியது என்று ஒரு வரிகூட இல்லை. அடுத்த கடிதத்தில் அதை மட்டும் எழுதுங்கள், எந்த ஆவணங்களைப் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து.

அன்புடன்.