அதீதமாகப் பதப்படுத்திய உணவு ஏன் உடலுக்கு ஆகாது?

மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்திலிருந்து எடுக்கும் தூள்), செயற்கை மணம் என வீட்டு அடுக்களையில் இல்லாத பொருள்களைச் சேர்த்து ஆலையில் உருவாக்குவதுதான் அதீதமாகப் பதப்படுத்திய உணவு. நார் சிதைந்து போனதால் மெல்ல வேலையில்லை; வயிறு நிறைந்தது தெரியும் முன்பே தட்டு காலியாகிவிடும். விறகு நின்று எரியும், காகிதம் குப்பென்று எரிந்து அணையும். இந்த உணவும் காகிதம் போலத்தான்; பசி சீக்கிரம் திரும்புகிறது.

2019இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 20 பேரிடம் செய்த சோதனையில், பதப்படுத்தாத உணவைவிட இதைச் சாப்பிட்டபோது நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. இரண்டே வாரத்தில் எடை ஏறக்குறைய 1 கிலோ ஏறியது! நாளடைவில் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் இது வழிவிடலாம்.

வாங்குமுன் பொட்டலத்தின் பின்பக்கம் பாருங்கள். அதிகம் உள்ள பொருள்தான் பட்டியலில் முதலில் வரும். குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் என்று சர்க்கரையே பல பெயரில் பிரிந்து கீழே கிடக்கும். எல்லாவற்றையும் சேர்த்தே எண்ணுங்கள்.

பதப்படுத்தியது எல்லாமே கெட்டது என்பது தவறு: உறையவைத்த பட்டாணியும் வெறும் தயிரும் இந்த வகையில் சேராது.