ஏற்காடு ஏரியில் மூன்று கரிய திமில்கள்: காணொளியை விற்கலாமா?

கேள்வி: சென்ற மாதம் குடும்பத்துடன் ஏற்காட்டுக்குச் சென்றிருந்தோம். வெயில் சாய்ந்த நேரத்தில் ஏரிக்கரையில் நின்று என் மகன் கைபேசியில் எடுத்த காணொளியில், தண்ணீரின் நடுவே மூன்று கரிய திமில்கள் வரிசையாக நகர்ந்து மறைகின்றன. உறவினர் குழுவில் அதைப் போட்டதிலிருந்து, ஏரிக்குள் ஏதோ இருக்கிறது என்று ஒரே பேச்சாக இருக்கிறது. ஒருவர் தொலைபேசியில் அழைத்து 15,000 ரூபாய் தருவதாகவும், கொடுத்த பிறகு எங்களிடம் உள்ளதை அழித்துவிட வேண்டும் என்றும் சொல்கிறார். அது என்ன விலங்கு ஐயா? காணொளியைக் கொடுக்கலாமா?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: கொடுக்க வேண்டாம் அம்மா, அழிக்கவும் வேண்டாம். உங்கள் காணொளியில் இருப்பது விலங்கு அல்ல, படகு போன பிறகு எஞ்சிய அலை. அதற்கான சான்று அந்தக் காணொளிக்குள்ளேயே இருக்கிறது. பணம் தருவதாகச் சொல்பவர் உங்களை அழிக்கச் சொல்வதும் அதைத்தான்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே இதே காட்சி வேறொருவர் வழியாக எனக்கு வந்திருந்தது. அதில் திகிலூட்டும் இசை சேர்க்கப்பட்டிருந்தது. காட்சி தொடங்கும்போதே திமில்கள் தெரிந்தன. நீங்கள் அனுப்பிய மூலக் கோப்பிலோ, திமில்கள் தோன்றுவதற்கு முன்னால் சில நொடிகள் கூடுதலாக இருக்கின்றன. அந்த நொடிகளில் இடது ஓரத்தில் ஒரு மோட்டார் படகின் பின்பகுதி வெளியேறுவது தெரிகிறது. படகு மறைந்த பிறகும் அதன் சத்தம் தேய்ந்துகொண்டே போவது காதில் விழுகிறது. நடுவில் யாரோ அந்த நொடிகளை வெட்டி, சத்தத்தை இசையால் மூடிய பிறகுதான் அது பூதமாகியிருக்கிறது.

படகு கிழித்துச் செல்லும் அலை, சிறிய ஏரியில் கரையில் மோதித் திரும்பி, எதிரே வரும் அலையோடு சேரும் இடத்தில் மேடாக எழும். வெயில் சாய்வாக விழும்போது, தாழ்வான கரையில் நிற்பவருக்கு அலைகளுக்கு இடையே உள்ள பள்ளம் தெரியாது; நிழல் படிந்த முகடு மட்டும் கரிய முதுகுபோலத் தெரியும். நீங்களே சோதித்துப் பார்க்கலாம். காணொளியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்: மூன்று திமில்களுக்கும் இடைவெளி ஒன்றாக இருக்கிறது, மூன்றும் ஒரே வேகத்தில் நகர்ந்து ஒன்றாகவே தாழ்ந்து போகின்றன. நீர்மட்டத்தில் நீந்தும் உயிர் எதுவானாலும் அதன் தலையிலிருந்து இரு பக்கமும் தண்ணீர் விரிந்து செல்லும்; இங்கே அந்த விரிவே இல்லை.

எல்லார் கையிலும் கேமரா இருக்கும் காலத்தில் இப்படிப்பட்ட விலங்கு இருந்தால் தெளிவான படம் வந்திருக்காதா என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான் என்றாலும், கைபேசிக்கு அவர்கள் கொடுக்கும் மதிப்பு சற்று அதிகம். சாதாரணக் கைபேசி லென்ஸ் அகலமான காட்சியை எடுப்பதற்காக அமைந்தது. ஒரு மீட்டர் நீளமுள்ள பொருள் 200 மீட்டர் தொலைவில் இருந்தால், காணொளியில் அது ஏறத்தாழ 7 படப்புள்ளி (பிக்சல்) அகலத்துக்குத்தான் பதிவாகும். விரல்களால் விரித்துப் பெரிதாக்கும்போது புதிய விவரம் எதுவும் வருவதில்லை; கைபேசியின் மென்பொருள் இடைவெளிகளை ஊகித்து நிரப்புகிறது. ‘ஏஐ கொண்டு தெளிவாக்கித் தருகிறோம்’ என்று பணம் கேட்பவர்கள் தருவதும் அந்த ஊகத்தைத்தான். அந்தப் படத்தில் கண்ணும் செதிலும் தெரிந்தால், அவை ஏரியிலிருந்து வந்தவை அல்ல.

வெட்டுவதும் புதிய தந்திரம் அல்ல. மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட அதே 1934ஆம் ஆண்டில்தான், ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் நீண்ட கழுத்தோடு ஒரு விலங்கு எழுவதாகக் காட்டும் புகழ்பெற்ற படம் லண்டன் நாளிதழில் வெளியானது. சுற்றிலும் இருந்த தண்ணீர்ப் பரப்பை வெட்டிவிட்டதால் அது பேருருவாகத் தெரிந்தது. வெட்டப்படாத படத்தில் சிற்றலைகளோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய பொருள். பொம்மை நீர்மூழ்கியின் மேல் தலையைப் பொருத்திச் செய்த ஏமாற்று என்பது 1994இல்தான் வெளியுலகுக்குப் பரவலாகத் தெரிந்தது. 2018இல் அந்த ஏரியில் சுமார் 250 தண்ணீர் மாதிரிகளை எடுத்து மரபணுவைச் சோதித்தார்கள். ஊர்வனவற்றின் தடயம் கிடைக்கவில்லை, விலாங்கு மீனின் மரபணு ஏராளமாகக் கிடைத்தது.

இந்த இடைத்தரகர்களைப் பற்றி நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் சேலத்து ஏரி ஒன்றில் ஒரு மாணவர் பாம்புத்தாராவைப் படமெடுத்தார். அந்தப் பறவை உடலைத் தண்ணீருக்குள் அமிழ்த்திக் கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தும். படத்தை வாங்கிய ஒரு சேனல் அதை ‘ஏரிக்குள் ராட்சதப் பாம்பு’ என்று வெளியிட்டது. மறுநாள் கரை முழுக்கக் கூட்டம், பறவைகள்மேல் கல்லெறிந்தார்கள், மீன் குத்தகைக்காரர் இரண்டு நாள் வலை வீச முடியவில்லை. உண்மையைச் சொல்லப் போன அந்த மாணவரிடம், உரிமை எங்களுடையது, நீ பேசக் கூடாது என்று மிரட்டினார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, இப்படி எடுத்த காட்சியின் உரிமை முதலில் எடுத்தவருக்கே. எழுத்தில் கையெழுத்திடாமல் அது கைமாறாது. ஆகவே அவர் நீட்டும் எந்தத் தாளிலும் நீங்களோ மகனோ கையெழுத்துப் போடாதீர்கள், முன்பணமும் வாங்காதீர்கள்.

திமில் என்றால் அலைதான் என்பதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். நான் மேலே சொன்னது ஏற்காட்டு ஏரிக்கு. இதே திமிலை மலைக்குக் கீழே, மேட்டூர் நீர்த்தேக்கத்திலோ காவிரிக் கரையிலோ பார்த்தால் அலைதான் என்று நின்றுவிடாதீர்கள், ஏனென்றால் அங்கே முதலைகள் உண்டு. முதலையின் கண்மேடும் மூக்கு நுனியும் இரண்டு சிறு கட்டைகள்போல நீர்மட்டத்தில் தெரியும். அலையில் கட்டை ஏறி இறங்கும், முதலையோ அநேகமாக ஆடாது. மேட்டூர் நீர்த்தேக்கத்தின் பண்ணவாடிப் பக்கம் தண்ணீர் வற்றும்போது வெளியே தெரியும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியைப் பார்க்கக் குழந்தைகளோடு நீர் விளிம்பு வரை இறங்குகிறார்கள். அங்கே சந்தேகம் எழுந்தால் படமெடுக்க நிற்காமல் முதலில் மேடேறுங்கள். பிறகு வனத்துறைக்குச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் தண்ணீர் ஒரு துறை, மீன் ஒரு துறை, படகு ஒரு துறை, முதலை ஒரு துறை. ஒருமுறை தகவல் சொல்ல நான் நான்கு அலுவலகங்களுக்கு அலைந்தேன், ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள். கரையில் ஒரு பலகையில் ஒரே ஒரு தொலைபேசி எண்ணை எழுதி வைக்க இத்தனை ஆண்டுகள் போதவில்லையா?

இனி நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மூலக் கோப்பை ஒரு பென்டிரைவில் படி எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், எடுத்த நேரமும் இடமும் அழிந்துவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். எனக்கு நீங்கள் அப்படி அனுப்பியது நல்லதாயிற்று. அதே கோப்பை, படகு வெளியேறும் அந்த முதல் நொடிகளோடும் மோட்டார் சத்தத்தோடும், உறவினர் குழுவில் மறுபடி போடச் சொல்லுங்கள் உங்கள் மகனிடம்.