துப்பாக்கி சுடுதலும் இந்தியா நடத்திய சர்வதேசப் போட்டிகளும்: வட சென்னை அன்பர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

துப்பாக்கி சுடும் போட்டிகளில் நடுவராகப் பணியாற்றி வரும் நம் உறுப்பினர் ஒருவரிடம், வட சென்னையின் பல பகுதிகளிலிருந்து வந்த கேள்விகளைக் கொடுத்திருந்தோம். அவர் எழுதித் தந்த பதில்கள் கீழே.

கேள்வி (தண்டையார்பேட்டை, ஓய்வு பெற்ற ஆசிரியர்): ஐயா, நம் நாட்டில் இப்போட்டிகள் எப்போதிலிருந்து நடக்கின்றன? எப்போது பார்த்தாலும் டெல்லி என்றே செய்தி வருகிறதே, ஏன்?

பதில்: 1951-இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் துப்பாக்கி சுடுதல் இடம்பெறவில்லை, 1954-இல் மணிலாவில்தான் அது சேர்க்கப்பட்டது. ஆகவே நம் கணக்கை 1982 டெல்லி ஆசியப் போட்டியிலிருந்து தொடங்குவதே பொருத்தம். அதற்காகத் துக்ளகாபாத்தில் அமைந்த மைதானம், பிகானேர் மன்னர் குடும்பத்தைச் சேர்ந்தவரும், ஐந்து ஒலிம்பிக்கில் பங்கேற்றவரும், 1962 உலக சாம்பியன்ஷிப்பில், வானில் பறக்கும் களிமண் தட்டைச் சுடும் டிராப் பிரிவில் வெள்ளி வென்றவருமான கர்ணி சிங்கின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2010 காமன்வெல்த் போட்டிக்காக அது புதுப்பிக்கப்பட்டது. அப்போதும் நெடுந்தொலைவுத் துப்பாக்கிப் பிரிவுக்கு அங்கே வசதி இல்லாததால், குருகிராமை அடுத்த காதர்பூரில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் மைதானத்துக்குச் செல்ல வேண்டியிருந்தது. அந்தக் காமன்வெல்த் போட்டியில் இந்தியா வென்ற 101 பதக்கங்களில் 30 துப்பாக்கி சுடுதலில் வந்தவை.

அதன்பின் 2015-இல் காற்றழுத்தத் துப்பாக்கிகளுக்கான ஆசிய ஏர்கன் சாம்பியன்ஷிப், 2016-இல் ஆசிய ஒலிம்பிக் தகுதிப் போட்டி, 2017-இல் உலகக் கோப்பையும் அதே ஆண்டு அக்டோபரில் உலகக் கோப்பை இறுதிப் போட்டியும், 2019, 2021-இல் மீண்டும் உலகக் கோப்பைகள், 2024-இல் இன்னொரு இறுதிப் போட்டி என எல்லாம் அந்த ஒரே மைதானத்தில்தான் நடந்தன. 2023 மார்ச்சில் போபாலில் நடந்த உலகக் கோப்பையை முக்கியமான விதிவிலக்காகச் சொல்லலாம். 10, 25, 50 மீட்டர் தொலைவுகளுக்கு மின்னணு இலக்குகளும், தனி இறுதிச்சுற்று அரங்கும், டிராப் போன்ற பிரிவுகளுக்கான ஷாட்கன் களமும் ஒரே வளாகத்தில் அமைந்த இடங்கள் நம்மிடம் மிகக் குறைவு. நாடு நடத்தியது என்று நாம் பெருமைப்படுவதில் பெரும்பகுதி உண்மையில் ஒரு மைதானத்தின் வரலாறுதான் என்பது என் கருத்து.

கேள்வி (மண்ணடி, கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் பணிபுரிபவர்): சார், ஒரு பெட்டி சரக்கை இறக்கவே எங்களுக்கு எத்தனையோ காகிதங்கள் தேவைப்படுகின்றன. நூற்றுக்கணக்கான துப்பாக்கிகள் எப்படி உள்ளே வருகின்றன?

பதில்: உங்கள் தொழில்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். ஒவ்வொரு வீரரும் தம் துப்பாக்கியின் வகை, குழல் அளவு, வரிசை எண், கொண்டுவரும் தோட்டாக்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் புறப்படும் முன்பே படிவத்தில் அனுப்பிவிட வேண்டும். போட்டியை நடத்தும் நாடு அதைக் கொண்டு தற்காலிக இறக்குமதி அனுமதி பெறுகிறது. விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அந்த எண்ணைத் துப்பாக்கியில் பொறித்திருப்பதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் பெட்டி அங்கேயே நின்றுவிடும். பின்னர் அவை மைதானத்தின் ஆயுத அறைக்குச் செல்கின்றன. நாடு திரும்பும்போதும் இதே சரிபார்ப்பு நடக்கும். ஏர் ரைஃபிளின் காற்று உருளைகளை விமானத்தில் காலியாகத்தான் கொண்டுவர வேண்டும். தயாரித்துப் பத்து ஆண்டுகள் கடந்த உருளையைப் போட்டியில் பயன்படுத்தக் கூடாது என்பதையும் நடுவர்களாகிய நாங்கள் கவனிப்போம்.

கேள்வி (வியாசர்பாடி, கல்லூரி மாணவர்): அண்ணா, 2019-இல் இந்தியாவுக்குத் தடை விதித்தார்கள் என்கிறார்களே, உண்மையில் நடந்தது என்ன?

பதில்: தம்பி, இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமா தாக்குதல் நடந்தது. டெல்லி உலகக் கோப்பை அடுத்த வாரமே தொடங்கவிருந்த நிலையில், 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் பங்கேற்க வேண்டிய பாகிஸ்தான் வீரர்கள் இருவருக்கு விசா கிடைக்கவில்லை. அப்போட்டியில் எட்டுப் பிரிவுகளுக்குத் தலா இரண்டு வீதம், டோக்கியோ ஒலிம்பிக்கில் பங்கேற்கத் தகுதி தரும் 16 இடங்கள் இருந்தன. தகுதிப் போட்டியில் எவரையும் பாகுபடுத்தக் கூடாது என்ற விதி மீறப்பட்டதாகக் கருதிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, அந்த வீரர்கள் ஆட வேண்டிய பிரிவின் இரண்டு இடங்களை மட்டும் விலக்கிக்கொண்டு, மற்ற 14 இடங்களை அப்படியே விட்டது.

உண்மையான அடி அதற்குப் பிறகுதான் விழுந்தது. பங்கேற்பாளர் அனைவருக்கும் அனுமதி வழங்குவதாக இந்திய அரசு எழுத்துமூலம் உறுதியளிக்கும் வரை, எதிர்காலப் போட்டிகளை இங்கே நடத்துவது குறித்த பேச்சுகளை நிறுத்திவைப்பதாகவும் கமிட்டி அறிவித்தது. முந்தைய நவம்பரில் டெல்லியில் நடந்த பெண்கள் உலக குத்துச்சண்டைப் போட்டிக்குக் கொசோவோ வீராங்கனைக்கு விசா மறுக்கப்பட்டிருந்ததால், இது முதல் முறை என்று சொல்லவும் நமக்கு வழி இல்லாமல் போயிற்று. இந்தியாவில் நடக்கவிருந்த ஆசிய ஜூனியர் மல்யுத்தப் போட்டி தாய்லாந்துக்கு மாற்றப்பட்டது. ஜூனில் அரசு உறுதிமொழி அளித்த பின்னரே தடை நீங்கியது. அந்தச் சூழலில் நாட்டின் கோபம் புரிந்துகொள்ளக்கூடியதே; எனினும், ஒலிம்பிக் தகுதிப் போட்டியை ஏற்கும்போது கதவைத் திறந்து வைப்பதாகத்தான் நாம் கையெழுத்திடுகிறோம்.

கேள்வி (திருவொற்றியூர், பள்ளி மாணவி): அந்த 2019 டெல்லி உலகக் கோப்பையில் அபூர்வி சந்தேலா உலக சாதனை படைத்தாராமே?

பதில்: ஆம் அம்மா, 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் 252.9 புள்ளிகள். இறுதிச்சுற்றில் 24 முறை சுட வேண்டும். ஒரு முறைக்கு அதிகபட்சம் 10.9. அவருடைய சராசரி 10.5-க்கும் மேல். இலக்கின் நடுவில் உள்ள பத்துப் புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர்தான். அதை நோக்கிச் செல்லும் பெல்லட் என்னும் சிறு குண்டோ 4.5 மில்லிமீட்டர்! சௌரப் சௌத்ரியும் ஏர் பிஸ்டலில் 245 புள்ளிகளுடன் சாதனை படைத்தார்.

கேள்வி (பெரம்பூர், ரயில்வே ஊழியர்): 2021-இல் சொந்த மண்ணில் அள்ளிக் குவித்தோம், ஒலிம்பிக்கில் கோட்டை விட்டோம். ஏன் சார்?

பதில்: 2021 மார்ச்சில் டெல்லியில் 15 தங்கம் உட்பட 30 பதக்கங்கள், அந்த ஜூலையில் தொடங்கிய டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒன்றுகூட இல்லை. கொரோனா காலம் என்பதால் சீனா உள்ளிட்ட பலம் வாய்ந்த அணிகள் டெல்லிக்கு வரவில்லை என்பதைப் பதக்கப் பட்டியலோடு சேர்த்தே படிக்க வேண்டும். இதனால் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் கலப்பு இரட்டையரில் வென்ற தங்கமோ, புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் இடம்பெற்ற டிராப் அணியின் தங்கமோ மதிப்புக் குறைந்தவை என்று ஆகாது. எந்த அணிகள் வந்தன என்று பாராமல், பதக்க எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒலிம்பிக்குக்குக் கணக்குப் போட்டதுதான் பிசகு.

கேள்வி (ராயபுரம்): சண்டிகரில் காமன்வெல்த் போட்டி என்றார்களே, நடந்ததா?

பதில்: நடக்கவில்லை. 2022 பர்மிங்காம் போட்டியில் துப்பாக்கி சுடுதலைச் சேர்க்காததால், அதையும் வில்வித்தையையும் முன்கூட்டியே சண்டிகரில் நடத்த 2020-இல் ஒப்புதல் கிடைத்தது. கொரோனாவால் 2021-இல் அது கைவிடப்பட்டது.

கேள்வி (எண்ணூர், மீனவர் குடும்பத்து இளைஞர்): எங்கள் பக்கம் இவ்வளவு வெற்றிடம் கிடக்கிறது. இங்கே ஒரு மைதானம் கட்டி உலகக் கோப்பை நடத்த முடியாதா அண்ணா?

பதில்: ஏர் ரைஃபிளும் ஏர் பிஸ்டலும் கூரைக்குள் நடப்பவை என்பதால், குளிர்சாதன அரங்கும் மின்னணு இலக்குகளும் வாங்கப் பணமும் இருந்தால் போதும். டிராப், ஸ்கீட் ஆகிய ஷாட்கன் பிரிவுகளின் கதை வேறு. வானில் உடைபடும் களிமண் தட்டுக்கு அப்பாலும் ஈயக் குண்டுகள் பறந்து விழுவதால், எதிரே இருநூறு மீட்டருக்கு மேல் ஆள் நடமாட்டமே இருக்கக் கூடாது; வலைகளும் படகுகளும் இருக்கும் கரையில் அந்த உத்தரவாதத்தை யார் தருவது? வெயில் சுடுபவரின் கண்ணில் அடிக்காமல் இருக்க, களம் வடக்கு அல்லது வடகிழக்கு நோக்கி அமைய வேண்டும் என்பதும் விதி. எண்ணூரில் அந்த வடகிழக்குத் திசையில் கடல் குறுக்கிடும். பிற்பகலில் கடற்காற்று எழுந்துவிட்டால் 110 மில்லிமீட்டர் அகலமுள்ள அந்தத் தட்டு எந்த உயரத்தில் போகும் என்று நடுவரும் சொல்ல முடியாது, சுடுபவரும் சொல்ல முடியாது. ஆகவே கேட்பதானால் ஏர்கன் அரங்கைக் கேளுங்கள். ஷாட்கன் களத்துக்கு உள்நாட்டுப் பக்கமாக, செங்கல்பட்டு மாதிரியான இடங்களில் நிலம் தேடச் சொல்லுங்கள்.